ஃபைலில் குணமான முகம்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள், அவர்கள் பிறந்த அன்று வானத்தில் ஏதாவது ஒன்று தோன்றியதாக எழுதிவிடுவார்கள். அட்லஸ் பிறந்த அன்று வானம் சும்மா இருந்தது. தோன்ற வேண்டியதெல்லாம் அவர் முகத்திலேயே தோன்றிவிட்டது. நெற்றியில் இடது பாதி, இடது கண்ணிமை, கன்னம், மேலுதட்டின் ஓரம் வரைக்கும், யாரோ சிவப்பு மையைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனதுபோல் ஒரு கறை. பிரசவம் பார்த்த நர்ஸ் ஈரத்துணியால் துடைத்தே பார்த்தாராம். போகவில்லை என்றதும், வலது கன்னம் மேலே தெரியும்படி குழந்தையைத் திருப்பி அம்மாவின் கையில் கொடுத்தாராம். பிற்காலத்தில் அட்லஸ் வாழ்ந்த விதம் முழுவதும் அந்த நர்ஸ் ஒரு நொடியில் போட்டுக் கொடுத்த திட்டம்தான்.

உறவினர்கள் உடனே விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். கர்ப்பத்தில் அம்மா எப்போதும் இடது பக்கமாகப் படுத்ததுதான் காரணம் என்றார் அத்தை. கொதிக்கக் கொதிக்கக் குளித்ததுதான் என்றார் சித்தி. அப்பா பக்கத்து ரத்தம் என்று அம்மா வீட்டாரும், அம்மா பக்கத்து ரத்தம் என்று அப்பா வீட்டாரும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதினார்கள். உண்மையில் அது பரம்பரையாக வருவது கிடையாது. கரு வளரத் தொடங்கிய நாட்களில் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த சிறு பிழை. அதற்கு யாரையும் திட்ட முடியாது. திட்ட ஆள் இல்லாத நோய் எந்தக் குடும்பத்துக்கும் பிடிப்பதில்லை.

அந்த நோய்க்கு ஸ்டர்ஜ்-வெபர் என்று பெயர். ஆளுக்கொரு காலத்தில் அதை விவரித்த இரண்டு டாக்டர்களின் பெயர்கள். பெயரை இருவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். நோயை அட்லஸ் தனியாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பல்லாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும். முகத்தில் தெரியும் சிவப்பு, தோலுக்கடியில் விரிந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். அதே மாதிரிக் குழாய்கள் மூளையின் மேலும் படர்ந்திருக்கலாம், அப்போது வலிப்பு வரும். கண்ணில் அழுத்தம் ஏறலாம். அட்லஸ் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை, மூன்றையும் பெற்றுக்கொண்டார். வலிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது, மாத்திரை நிற்கவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து காலையும் மாலையும், இன்றுவரை.

அட்லஸ் என்ற பட்டம் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. சுவரில் உலக வரைபடத்தை மாட்டிவிட்டு வாத்தியார் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், மேப் எதுக்கு, அதான் இவன் இருக்கானே!" என்றது. வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அது எந்தக் கண்டம் மாதிரி இருக்கிறது என்று அவர் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அன்றோடு பெற்றோர் வைத்த பெயர் ஓய்வு பெற்றது. நாற்பதைத் தாண்டிய பிறகு மரியாதை கூடி 'அட்லஸ் சார்' ஆனது.

இப்படிப்பட்டவர் என்ன தொழிலுக்குப் போவார்? போட்டோ ஸ்டுடியோவுக்குத்தான் போனார். அதிலும், மற்றவர்கள் முகத்திலிருக்கும் கறையை எடுக்கும் வேலைக்கு. இதில் விதியின் விளையாட்டு என்று ஒன்றுமில்லை. வேலை காலியாக இருந்தது, அவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டுடியோ முதலாளியே போட்டோவும் எடுப்பார். கழுத்தில் கேமராவோடு சாப்பிடுவார், கேமராவோடு கணக்குப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று அட்லஸின் தோளில் கைபோட்டுப் பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, உங்களுக்கு இந்த ஏசி ரூம். முன்னாடி ஒரே வெயில், தூசு, கஸ்டமர். நீங்க இங்க ராஜா மாதிரி இருங்க."

கஸ்டமரைத் தூசோடு சேர்த்துச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. ராஜா அந்த அறையில் பதினெட்டு வருஷமாக ஆட்சி செய்கிறார். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு திரை, பேப்பர் தீர்ந்தால் முனகும் பிரிண்டர், சுவரில் போன வருஷத்துக் காலண்டர். திரையில் முகங்கள் வந்துகொண்டே இருக்கும். பாஸ்போர்ட் முகம், கல்யாண முகம், வேலைக்கு விண்ணப்பிக்கும் முகம். பருவை எடுப்பார், கண்ணுக்கடியில் கருவளையத்தை எடுப்பார், ஒருபக்கமாகத் தூக்கிய காதைக் கீழே இறக்குவார். முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு: டச்சப் செய்யாத முகம் கடை வாசலைத் தாண்டக் கூடாது. சிலர் டச்சப் வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள். "சரிங்க, ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டே முதலாளி பின்னறைக்குக் கண் காட்டுவார். அவர்களும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, நான் இயல்பாவே நல்லாத்தான் இருக்கேன்" என்று சந்தோஷமாகப் போவார்கள்.

ஆகவே ஊரில் பாதிப் பேருடைய அசல் முகம் அட்லஸுக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் எதிரே ஒருவர் வந்தால், மூக்கோரத்து மருவை வைத்து அடையாளம் கண்டு, பழகியவரைப் பார்த்ததுபோல் மனசுக்குள் மலர்ந்துவிடுவார். எதிரே வருகிறவர் தன் செருப்பைப் பார்ப்பார்.

அந்தச் செருப்பு விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். முறைத்துப் பார்ப்பது சின்னப் பிள்ளைகள் செய்வது. வளர்ந்தவர்கள் நாகரிகமானவர்கள், பார்க்க மாட்டார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையை அவருடைய சட்டைப் பையிடம் பேசிக் கொடுப்பார். வங்கியில் இருக்கும் பெண், அவர் தலைக்குப் பின்னாலிருக்கும் கடிகாரத்திடம், "கையெழுத்துப் போடுங்க" என்பாள். பஸ்ஸில் இடது கன்னத்தை ஜன்னல் பக்கம் வைத்து உட்கார்ந்தால் பக்கத்தில் ஆள் உட்காருவார்கள். மாற்றி உட்கார்ந்தால் நின்றுகொண்டே வருவார்கள். கால் நீட்ட வசதியாக இருக்கும். ஒரு டிக்கெட்டில் இரண்டு சீட் அனுபவித்தவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இருக்க முடியாது.

வீடு மாடியில் ஒரே அறை. அம்மா இருந்தவரை இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது. இப்போது ஒன்று. அக்கா வேறு ஊரில், கணவன் பிள்ளைகளோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "மூஞ்சி எப்படி இருக்கு?" முகம் என்பது தம்பியோடு தங்கியிருக்கும் சீக்காளிப் பெரியவர் என்பதுபோல் விசாரிப்பாள்.

அரசு மருத்துவமனைக்கு லேசர் மெஷின் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அக்காதான். கண் அழுத்தம் பார்க்கப் போகிற அதே ஆஸ்பத்திரி, தோல் பிரிவு, மூன்றாவது மாடி. பெரிய டாக்டர் அவருடைய வயதைக் கேட்டுவிட்டு, "கைக்குழந்தையா இருக்கும்போதே கொண்டு வந்திருக்கணுமே" என்றார்.

"நான் வந்துட்டேன் டாக்டர். மெஷின்தான் லேட்டு" என்றார் அட்லஸ்.

பெரிய டாக்டர் சிரித்தார். பிறகு நேர்மையாகச் சொன்னார். முழுக்கப் போகாது. வயதானதில் தோல் தடித்து, நிறம் கருஞ்சிவப்பாகி, அங்கங்கே சின்னச் சின்ன முண்டுகள் வேறு. கொஞ்சம் வெளுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் போட்டோ எடுத்து ஃபைலில் வைத்து, கூட்டத்தில் அலசி, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்.

லேசர் அடிப்பது சின்ன டாக்டர்கள். படிக்கிற பிள்ளைகள், சில மாதத்துக்கு ஒருவர் மாறிவிடுவார்கள். மாறாமல் இருந்தவர் லேசர் ரூம் சிஸ்டர் ஒருவர்தான். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, லேசர் ஒளி கண்ணில் படாமலிருக்க இமைக்கடியில் உலோகக் கிண்ணி ஒன்றைச் செருகுவார். பிறகு எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். சிஸ்டர் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அட்லஸின் தலையை இறுகப் பிடித்துக்கொள்வார். முதலில் 'உஸ்' என்று குளிர்ச்சியாக ஒரு காற்று, உடனே ரப்பர் பேண்டை இழுத்துவிட்டதுபோல் ஒரு சுளீர். உஸ், சுளீர். உஸ், சுளீர். நெற்றியிலிருந்து உதடு வரைக்கும்.

வலி மறக்கட்டும் என்று சிஸ்டர் பேசுவார். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அவருடைய மாமியார்.

"நேத்து என்ன பண்ணாங்க தெரியுமா? அசையாதீங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எம் புருஷன்கிட்ட சொல்றாங்க, 'அவகிட்ட சொல்லு, குழாயச் சரியா மூடலன்னு.' அவரும் என்னைப் பாத்து, 'குழாயச் சரியா மூடலையாம்'ங்கறார். நான் சும்மா இருப்பனா? 'மூடினேன்னு சொல்லுங்க'ன்னேன். அவரு அந்தப் பக்கம் திரும்பி, 'மூடினாளாம்'ங்கறார். மூணு பேரும் ஒரே சோபாவுல உக்காந்திருக்கோம்!"

உஸ், சுளீர்.

"உதடு வரப்போறோம், சிரிக்காதீங்க. சிரிச்சா மீசையில பட்டுரும்."

அட்லஸால் பதில் சொல்ல முடியாது. வாயை அசைக்கக் கூடாது. அதனால் சிஸ்டருக்கு அவரைவிடச் சிறந்த கேட்பாளர் அமையவில்லை. ஒரு சின்ன டாக்டர் பொறுமையிழந்து, "சிஸ்டர், மாமியாரைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொன்னபோது, படுத்திருந்த அட்லஸ் கையைத் தூக்கி, வேண்டாம், பேசட்டும் என்று சைகை காட்டினார். சிகிச்சையில் அவர் கேட்டுக்கொண்ட ஒரே சலுகை அதுதான். அம்மா போன பிறகு அந்தக் கன்னத்தைத் தொட்ட கைகள், உறை மாட்டியிருந்தாலும், சிஸ்டருடையவை மட்டும்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

லேசரால் இன்னொரு பலனும் இருந்தது. அது எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது.

லேசர் பட்ட இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் வட்ட வட்டமாகக் கன்றிப்போகும். வீங்கும். முகம் முன்பைவிடப் பல மடங்கு விகாரமாக இருக்கும். முதல் தடவை அப்படியே பஸ் ஏறியவர், வழக்கம்போல் காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு பெரியவர் நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சார் இது, வண்டியில விழுந்துட்டீங்களா?"

அட்லஸ் திகைத்துப்போனார். கேட்டவர் அவருடைய கண்ணைப் பார்த்துக் கேட்டிருந்தார்.

"ஆமா" என்றார், அவரையும் அறியாமல்.

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா? எங்க போடறாங்க! எம் மச்சினன் இப்படித்தான்..." என்று பெரியவர் தொடங்கி, இறங்குகிற இடம் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தார்.

பிறவியிலேயே வந்தது என்றால் தள்ளி உட்காருகிறார்கள். அடிபட்டது என்றால் ஒட்டி உட்காருகிறார்கள். அட்லஸ் இந்த உண்மையை ஆராய்ச்சி மனப்பான்மையோடு பயன்படுத்திக்கொண்டார். கன்றல் மறையும்வரை அவர் ஒரு விபத்துக்காரர். கடைக்காரரிடம் அலமாரிக் கதவு இடித்தது என்றார். வங்கிப் பெண்ணிடம் படியில் வழுக்கியது என்றார். அவள் எழுந்து நின்று, "அச்சச்சோ, ஸ்கேன் எடுத்தீங்களா சார்?" என்றாள். கீழ்வீட்டுக்காரர் பல வருஷத்தில் முதல்முறையாக மாடி ஏறி வந்து, ஐஸ் கட்டி கொடுத்துவிட்டுப் போனார். ஆள் மாற்றி ஆள் அறிவுரை சொன்னார்கள். அட்லஸ் எல்லாவற்றையும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கன்றல் மெல்ல மறையும், கீழேயிருந்து பழைய சிவப்பு எழும்பி வரும், கண்கள் ஒவ்வொன்றாகச் செருப்புக்குத் திரும்பும். அடுத்த லேசருக்குக் காலண்டரைப் பார்ப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் இத்தனை விபத்துகளில் சிக்குகிறாரே என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்படுவதற்கு அவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஆஸ்பத்திரியின் கேமரா பழுதானது.

"வெளிய ஒரு ஸ்டுடியோவுல எடுத்துட்டு வந்துடுங்க" என்றார் தோல் பிரிவு கிளார்க். "நேரா ஒண்ணு, இடது ஒண்ணு, வலது ஒண்ணு. கூட்டத்துக்கு ஃபைல் போகணும்."

ஸ்டுடியோவுக்கு அட்லஸ் எங்கே போவார்? முதலாளி முன்பு உட்கார்ந்தார். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி கேமராவைக் கண்ணில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"அண்ணே, இது ஆஸ்பத்திரிக்கு. அப்படியே இருக்கணும், ஒண்ணும் பண்ணக் கூடாது."

"சரி தம்பி, ஒண்ணும் பண்ணல" என்றார் முதலாளி.

அந்த வாக்கியத்தின் பொருள் ஊரிலேயே அட்லஸுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதைக் கேட்டுப் பழகியது பின்னறையிலிருந்து. ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டதில்லை. நம்பினார். ஸ்டூலில் உட்கார்ந்தால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

பிரிண்ட் போட்டு, உறையிலிட்டு, ஒட்டி, முதலாளியே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார். "அந்தப் பக்கம் போற வேலை இருந்துச்சு" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. பதினெட்டு வருஷம் ஊரார் முகத்தையெல்லாம் சுத்தம் செய்த பையனுக்கு ஒருநாள் தானே உட்கார்ந்து செய்து கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அட்லஸ் வீட்டுக்குப் போன பிறகு பின்னறையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்திருக்கிறார். முழுக்க எடுக்கவில்லை, லேசாக ஒரு ரோஸ் நிறம் விட்டு வைத்தார். இயல்பாக இருக்க வேண்டுமாம்.

செய்த புண்ணியம் அதோடு நிற்கவில்லை. படத்தை அக்காவின் போனுக்கும் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அக்காவின் அழைப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தாள்.

"டேய், எனக்கு ஏன்டா சொல்லல? போட்டோ பாத்தேன்டா. இப்பதான்டா என் தம்பி மாதிரி இருக்க!"

"எந்தப் போட்டோக்கா?"

"உங்க முதலாளி அனுப்பினாரே. அத்தானுக்குக் காட்டினேன், பசங்களுக்குக் காட்டினேன். பெரியவன் 'யாரும்மா இது, ஹீரோ மாதிரி'ங்கறான். அம்மா இருந்து பாக்கலையேடா..."

"அக்கா, அது வந்து..."

"பேசாத. நான் அழறேன், கொஞ்சம் அழவிடு."

அட்லஸ் அழவிட்டார். போனை வைத்த பிறகு பின்னறைத் திரையில் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி தம்பி? உங்க அளவுக்கு வராது. இமை ஓரத்துல கொஞ்சம் சொதப்பிட்டேன்."

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு" என்றார் அட்லஸ். வேறு என்ன சொல்வது? இமை ஓரத்தில் கொஞ்சம் சொதப்பித்தான் இருந்தது.

இதற்குள் கூட்டம் கூடி முடிந்துவிட்டது. முறை வந்த நாளில் அட்லஸ் மூன்றாவது மாடிக்குப் போனபோது கிளார்க் எழுந்து கைகுலுக்கினார். கைகுலுக்கும்போது அவர் பார்வை அட்லஸின் இரண்டாவது பொத்தானில் இருந்தது.

"வாழ்த்துக்கள் சார். உங்களுக்கு முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"ட்ரீட்மென்ட். 'மிகச் சிறந்த பலன்'னு எழுதி, பெரிய டாக்டர் கையெழுத்து போட்டுட்டார். உங்க இடத்தை ஒரு கைக்குழந்தைக்குக் கொடுத்தாச்சு."

"சார், எனக்கு ஒண்ணும் குணமாகல."

"ஃபைல்ல ஆயிருக்கே."

"அந்தப் போட்டோ தப்பு சார். அது நான் இல்ல."

"பின்னாடி உங்க பேர் எழுதியிருக்கு."

"பேர் என்னுது. மூஞ்சி என்னுது இல்ல. என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

கிளார்க் பொத்தானிலிருந்து சட்டைக் காலர்வரை ஏறினார். அங்கே பார்வை நின்றது. நாகரிகமான மனிதர், நல்ல குடும்பத்தில் பிறந்தவர், அடுத்தவர் குறையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்.

"பாத்துட்டேன் சார்" என்றார் காலரிடம். "நல்லாத்தான் இருக்கு."

உள்ளே லேசர் ரூம் கதவு மூடியிருந்தது. உஸ் என்ற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை வீறிட்டது. அதற்கு மேல் சிஸ்டரின் குரல் எழும்பி, மாமியார் இப்போது ஜாடை பேசுவதை விட்டுவிட்டுச் சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறார் என்று அந்தக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது. இது அட்லஸுக்குத் தெரியாத செய்தி. பெஞ்சில் உட்கார்ந்தார். எப்போது ஒட்டத் தொடங்கினார்? முதலில் என்ன எழுதினார்? அதற்குள் குழந்தை மறுபடி வீறிட்டதில் ஒன்றும் காதில் விழவில்லை.

நாற்பத்து மூன்று வயதுவரை அட்லஸ் கற்ற கலை ஒன்றே ஒன்று: யாரும் தன்னைப் பார்க்க வேண்டியிராதபடி நடந்துகொள்வது. எந்த வாசலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த விளக்குக்கடியில் நிற்கக் கூடாது என்பதில் அவருக்கு இணையில்லை. இப்போது அந்தக் கதவுக்குள் மறுபடி போக வேண்டுமென்றால், கற்றதை எல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். பெரிய டாக்டர் மாணவர்கள் சூழ நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். அட்லஸ் எழுந்து, ஜன்னல் வெளிச்சம் நேரே இடது கன்னத்தில் விழும் இடமாகப் பார்த்து, வழியை மறித்து நின்றார்.

"டாக்டர், என் மூஞ்சியப் பாருங்க."

குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நடைபாதை முழுவதும் திரும்பியது. மருந்துச் சீட்டோடு நின்றவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், தரை துடைத்தவர். பெரிய டாக்டர் நின்றார், பார்த்தார். ஃபைலைக் கேட்டு வாங்கினார். போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோ.

"இது யாரு எடுத்தது?"

"எங்க முதலாளி, டாக்டர். நல்ல மனசுல பண்ணிட்டார். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"என்னைத்தான் சொல்லணும்" என்றார் பெரிய டாக்டர். "நேர்ல பாக்காம பேப்பரப் பாத்துக் கையெழுத்து போட்டேன் பாருங்க."

அவர் அட்லஸின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நெற்றியில் அழுத்தி, விரலை எடுத்து, நிறம் திரும்பி வருவதைப் பார்த்தார். "கிட்ட வாங்க, நல்லா கவனிங்க" என்று மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அவ்வளவு கண்கள் அவ்வளவு அருகில் அவரைப் பார்த்தது அவர் வாழ்க்கையில் அன்றுதான். அட்லஸ் கன்னத்தை வெளிச்சத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். காது மடல்வரை சூடேறியது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஓடவில்லை.

கடைசியில் டாக்டர் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட உண்மையச் சொல்றேன். ஆரம்பத்துல கொஞ்சம் வெளுத்துச்சு. பழைய போட்டோவெல்லாம் வச்சுப் பாத்தா தெரியுது. ஆனா ரொம்ப நாளா அதே இடத்துலதான் நிக்குது. இனிமே அடிச்சா உங்களுக்கு வலிதான் மிச்சம். அந்தக் குழந்தைக்கு இப்ப அடிச்சா நல்லா பலன் கிடைக்கும்."

"அப்ப?"

"அப்ப, நிறுத்தறதுதான் சரி. காரணம் மட்டும் வேற. வருஷத்துக்கு ஒரு தடவை வாங்க, நானே பாக்கறேன். முண்டு ஏதாவது பெருசாச்சுன்னா பாத்துக்கலாம். கண் டிபார்ட்மென்ட்டை மட்டும் விட்றாதீங்க, சொட்டு மருந்து ரொம்ப முக்கியம்."

பெரிய டாக்டர் 'மிகச் சிறந்த பலன்' என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினார். முடிவு மாறவில்லை. குணமாகிவிட்டது என்று நிறுத்தப்பட்டவர், இனிக் குணமாகாது என்று நிறுத்தப்பட்டார். உலகத்தில் பொய் வெளிப்பட்டு உண்மை வென்ற சந்தர்ப்பங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் கூட்டம் நகர்ந்த பிறகு நடைபாதை தன் வேலைக்குத் திரும்பியது. லேசர் ரூம் கதவு திறந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே போனாள். பின்னாலேயே சிஸ்டர், கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"சிஸ்டர்" என்றார் அட்லஸ்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்து, ஒரு நொடி விழித்து, பிறகு சிரித்தார். "அட, நீங்களா! உங்க குரலே இப்பதான் கேக்கறேன். இவ்வளவு நாளா ஊமையோன்னே நினைச்சிட்டிருந்தேன், போங்க. உக்காருங்க, உக்காருங்க."

அட்லஸ் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"நிறுத்திட்டாங்களாமே? சொன்னாங்க."

"ஆமா சிஸ்டர்."

"விடுங்க. வலியாவது மிச்சமாச்சு."

"ஆமா."

சிஸ்டர் டீயை ஊதினார். ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அட்லஸுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அசையாமல் கிடப்பவனுக்குச் சொன்ன கதையை, எழுந்து உட்கார்ந்தவன் எப்படிக் கேட்பது? சிஸ்டருக்கும் அதே சங்கடம் இருந்திருக்க வேண்டும். தலை கைக்குள் இல்லாதபோது மாமியாரை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றார். இரண்டையும் அட்லஸ் ஒப்புக்கொண்டார்.

"நான் பாட்டுக்கு என் கதையே பேசிட்டேன் இவ்வளவு நாளா" என்றார் சிஸ்டர். "உங்க வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. சொல்லுங்க, வீட்ல யாரு யாரு?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அட்லஸ் சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தார்.

"நான்தான்" என்றார்.

நல்ல ஜோக் என்று நினைத்து சிஸ்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் அட்லஸும் சிரித்தார். மீசையில் படுமோ என்ற பயம் இல்லாமல், வாயை நன்றாகத் திறந்தே சிரித்தார். உள்ளேயிருந்து சின்ன டாக்டர், "சிஸ்டர், அடுத்த பேஷண்ட்" என்று கூப்பிட்டார். சிஸ்டர் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு எழுந்தார்.

"வரட்டுமா? அடுத்த வருஷம் வரும்போது உங்க மிச்சக் கதைய நீங்க சொல்லணும், சரியா?"

சரி என்று அட்லஸ் தலையாட்டினார். கதவு மூடியது. ஒரு வருஷத்துக்குள் சொல்வதற்கு என்ன சேர்க்க முடியும் என்று யோசித்தபடி அவர் படியிறங்கினார்.